‘எண்பது சதவீதம் முடிஞ்சுதுங்ணா’

கோவை கணபதியில் பம்ப் கம்பெனி ஒன்றில் கன்ட்ரோல் பேனல் வேலை பார்க்கிறேன். பொங்கல் முடிந்ததும் கடைசி வருட மாணவர்கள் நாலு பேராவது ப்ராஜெக்டுக்கு யோசனை கேட்டு வந்துவிடுவார்கள். போன வாரம் வந்த தம்பியிடம் எவ்வளவு ஆச்சு என்றேன். மேலே தலைப்பில் இருப்பதுதான் அவன் பதில். படிக்கும்போது என் ப்ராஜெக்டை மேற்பார்த்த கைடிடம் நான் சொன்னதும் இதே வாக்கியம்தான்.

தேதி போடாமல் திட்டம் எழுதுவது, டீமில் ஒருத்தனே எல்லாம் செய்வது, இந்தத் தப்புகளையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாத நாலு தப்புகள் இவை.

சதவீதத்தை மைல்கல் ஆக்குவது

எங்கள் ப்ராஜெக்ட், மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாக ஓடும் மோட்டார். முதல் ரிவியூவுக்கு 30, அடுத்ததுக்கு 60, கடைசிக்கு 90 சதவீதம் என்று அழகாக சார்ட் போட்டோம். சென்சார் ஒருவன், செல்போன் சிம் போட்டு மெசேஜ் அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூல் ஒருவன், கோடிங் நான். அவரவர் மேசையில் அவரவருடையது ஓடியது. மூன்றையும் சேர்த்ததோ வைவா என்கிற கடைசி வாய்மொழித் தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால், பொள்ளாச்சிப் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், 5 எச்பி மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில்.

மோட்டாருக்குக் கரண்ட்டை விடும் காந்த சுவிட்சான கான்டாக்டர் டக்கென்று இழுத்தது. மோட்டார் உறுமியது. அந்த நொடியே எங்கள் கோடிங் ஓடும் சின்ன போர்டான ஆர்டுயினோ ரீசெட் ஆகி, கான்டாக்டர் விட்டுவிட்டது. மறுபடி ஆர்டுயினோ எழுந்து, மண் காய்ந்திருக்கிறதென்று பார்த்து, மறுபடி டக். நாலாவது தடவை அப்பிச்சி ஓடி வந்து மெயினை இறக்கினார்: “ஏங்கண்ணு, மோட்டார எரிச்சு, புதுசா காயில் கட்ட உட்றுவீங்களாட்ட இருக்குது!”

காரணம் பெரிதில்லை. கான்டாக்டர் கிளப்பும் மின் இரைச்சல் ஒன்று. ஜிஎஸ்எம் மாட்யூல் மெசேஜ் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதையும் ஆர்டுயினோவின் சப்ளையிலேயே தொங்கவிட்டிருந்தோம். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே அந்த இரைச்சலை அடக்கும் ஒரு ஸ்னப்பர், ஜிஎஸ்எம்முக்குத் தனி சப்ளை, அவ்வளவுதான் வைத்தியம். சில நூறு ரூபாய்ச் சாமான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நாள் இல்லை; தோட்டத்துக்கு அப்போது மும்முனை கரண்ட்டும் முறை வைத்துத்தான் வந்தது. வைவாவில் குண்டு பல்பை எரியவிட்டுக் காட்டினோம். “மோட்டார் எங்கப்பா?” என்றார் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

90 சதவீதத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘ஜனவரி 31. மோட்டார் வேண்டாம், கான்டாக்டர் போதும். சென்சாரைத் தண்ணீர் டம்ளரில் விட்டால் கான்டாக்டர் விடணும், எடுத்துத் துடைத்தால் இழுக்கணும். இருபது தடவை, ஒரு ரீசெட்கூட இல்லாமல்.’ ஆச்சா, ஆகலையா என்பதை வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடுவார். ஒயர் தாறுமாறாகத் தொங்கட்டும், பரவாயில்லை. முதலில் சேர்த்துவிட வேண்டும்.

பட்டறைக்காரர் காலண்டரை மறப்பது

லேத் பட்டறையில் “ரெண்டு நாள்ல ஆயிருங்க” என்றால் ஒரு வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒற்றை பீஸுக்காகக் கம்பெனி ஜாபை மெஷினிலிருந்து இறக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆயுத பூஜை, பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம்.

‘ஸ்மார்ட் விவசாயம்’ என்று குறிக்கோள் எழுதுவது

அது போஸ்டர் வாசகம்.

ரிவியூ தேதியையே கெடுவாக வைப்பது

கெடுவை ரிவியூவுக்குப் பத்து நாள் முன்னாலேயே வையுங்கள்.

அந்தத் தம்பிக்கு ஸ்கிராப்பில் கிடந்த கான்டாக்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போன்: “ஏனுங்ணா, இது ரீசெட் ஆயிட்டே இருக்குதுங்க.” வைவாவுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது.