நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சையா, சாம்பலா?

நீல வாட்டர் கலரையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரும். இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே இரண்டு நிறங்களையும் ஓர் அட்டை வட்டத்தில் பாதிப் பாதியாகப் பூசி வேகமாகச் சுற்றினால் பச்சை வராது, சாம்பல்தான் தெரியும். நிறங்கள் அவையேதான், கலப்பதும் நாம்தான், விடை மட்டும் மாறுகிறது. ஏன் என்று வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: மூன்று ஃபோன் (வீட்டில் உள்ளவர்களிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள்), வெள்ளைத் தாள், பென்சில், இங்க்ஜெட் பிரிண்டரில் ஊற்றும் மை, கெட்டி அட்டை, நூல், வாட்டர் கலர். பிறகு, நன்றாக இருட்டாக்கக்கூடிய ஓர் அறை.

படி 1: ஒளியைக் கலப்போம்

ஒரு ஃபோனில் முழுத் திரைக்கும் சிவப்பு, இன்னொன்றில் பச்சை, மூன்றாவதில் நீலம் வையுங்கள். தேடினால் ஒரே நிறப் படங்கள் எளிதில் கிடைக்கும். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுப்போகும்.

வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி மேசைமேல் சிவப்பு ஃபோனையும் பச்சை ஃபோனையும் டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். விளக்கை அணையுங்கள். தாளில் விழுவது மஞ்சள்! பெயின்டில் சிவப்பையும் பச்சையையும் கலந்து ஒருவித அழுக்குப் பழுப்பையே பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்பக் கொஞ்ச நேரமாகும். நீல ஃபோனையும் சேர்த்தால் தாள் ஏறத்தாழ வெள்ளையாகிவிடும்.

காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையில் நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை. நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீளங்களுக்கு அவை தனித்தனியாகத் தூண்டப்படுகின்றன. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் ஒன்றாக வந்து முதல் இரண்டு வகைகளையும் எழுப்பினால், உண்மையான மஞ்சள் ஒளி வந்ததற்கும் இதற்கும் கண்ணால் வேறுபாடு சொல்ல முடியாது. உங்கள் ஃபோன் திரையே இந்த ஏமாற்றில்தான் ஓடுகிறது. மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து, குச்சி நுனியால் மிகச் சிறிய நீர்த்துளியைத் திரைமேல் வைத்து உற்றுப் பாருங்கள். துளி லென்ஸாகிப் பெரிதாக்கிக் காட்டும். அங்கே சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும்தான் எரியும், மஞ்சளாக ஒன்றுகூட இருக்காது.

படி 2: நிழலைப் பாருங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள். மூன்று ஃபோனும் எரியட்டும். பென்சிலைத் தாளுக்கு ஓரிரு விரல் முன்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். நிழல் கறுப்பாக விழாது, வண்ண வண்ணமாக மூன்று விழும். சிவப்பை மறைத்த இடத்தில் பச்சையும் நீலமும் மட்டும் படுவதால் வெளிர் நீலப்பச்சை: இதன் பெயர் சயான். பச்சையை மறைத்த இடத்தில் பளிச்சென்ற ரோஸ்: மெஜந்தா. நீலத்தை மறைத்த இடத்தில் மஞ்சள். நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மங்கினால் ஃபோன்களை இன்னும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

சயான், மெஜந்தா, மஞ்சள். பிரிண்டர் மை பாட்டில்களில் இருக்கும் அதே மூன்று! வெள்ளையிலிருந்து ஒரு ஒளியைக் கழித்தால் கிடைக்கும் நிறங்கள் இவை. மையின் வேலையும் கழிப்பதுதான். சயான் மை சிவப்பொளியை விழுங்குகிறது, மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை.

படி 3: மையைக் கலப்போம்

கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், கறை பட்டால் துணியிலிருந்து போகாது. வெள்ளைக் கிண்ணங்களில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக மை விடுங்கள். மஞ்சளை மட்டும் கூடுதலாக விடவும், மற்ற இரண்டும் அதை எளிதில் அமுக்கிவிடும்.

மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தால் சிவப்பு. ஒன்று நீலத்தை விழுங்கிவிட்டது, இன்னொன்று பச்சையை. தப்பித்து வெளியே வருவது சிவப்பொளி மட்டுமே. சயானும் மஞ்சளும் பச்சை, சயானும் மெஜந்தாவும் நீலம். மூன்றையும் கொட்டினால் எல்லாம் விழுங்கப்பட்டுக் கறுப்பு வரவேண்டும். வருவதோ கலங்கிய கரும்பழுப்பு, ஏனென்றால் எந்த மையும் அதன் பங்கை முழுதாக விழுங்குவதில்லை. அச்சகத்தில் நான்காவதாகக் கறுப்பு மை வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். செய்தித்தாளின் ஓரத்தில் வரிசையாக நான்கு குட்டி நிறப் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், இந்த நால்வரும்தான் அவை.

பள்ளியில் சொல்லித்தந்த சிவப்பு, நீலம், மஞ்சள்? ஓவியம் வரைய அது ஓரளவு போதும். ஆனால் அந்தச் சிவப்பிலும் நீலத்திலும் நல்ல மெஜந்தாவைக் கொண்டுவரவே முடியாது. பளிச்சென்ற ஊதாவும் கிடைக்காது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவது நிறக்கலப்பு இல்லை. சுண்ணாம்பின் காரத்தால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் மாறிப்போகிறது, அது வேதியியல்.

படி 4: சுற்றும் வட்டம்

இப்போது முதலில் சொன்ன புதிருக்கு வருவோம். உள்ளங்கை அகல அட்டை வட்டத்தில் பாதி நீலம், பாதி மஞ்சள் பூசிக் காயவிடுங்கள். நடுவில் விரல் அகல இடைவெளியில் இரண்டு துளை போட்டு நூலைக் கோத்து முடிச்சிடுங்கள். இரு கையிலும் நூலைப் பிடித்து வட்டத்தைச் சுழற்றி முறுக்கேற்றி, இழுத்தும் தளர்த்தியும் விட்டால் வேகமாகச் சுற்றும். சாம்பல் தெரியும். மஞ்சள் சாயல் அடித்தால் நீலத்தின் பங்கைக் கூட்டுங்கள்.

இங்கே ஒரு நிறம் மற்றதன் ஒளியைத் தொடவே இல்லை. இரண்டின் ஒளியும் மாறி மாறிக் கண்ணுக்கு வந்து கூடிவிடுகின்றன. மஞ்சளிலிருந்து சிவப்பும் பச்சையும், நீலத்திலிருந்து நீலம், ஆக மூன்றும் வந்தாயிற்று. வெள்ளையாகத் தெரியாததற்குக் காரணம், ஒவ்வொரு நிறமும் பாதி நேரம்தான் வருகிறது, அதனால் மங்கல். குழைத்த பெயின்டிலோ, நீலம் சிவப்பொளியை விழுங்க, மஞ்சள் நீல ஒளியை விழுங்க, இரண்டுக்கும் தப்பியது பச்சை மட்டும். கூட்டலும் கழித்தலும் வெவ்வேறு என்று ஜெர்மனியின் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852இல் விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் மாக்ஸ்வெல் இதுபோன்ற சுழல் வட்டங்களை வைத்தே நிறங்களை அளந்தார்.

கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை, பேனர் வடிவமைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. திரையில் மின்னும் அந்தப் பச்சை, ஒளியைக் கூட்டி வந்தது. மையால் அந்த அளவுக்கு எட்ட முடியாது, அச்சில் மங்கித்தான் வரும். மென்பொருளில் நிற முறையை ஆரம்பத்திலேயே ‘சிஎம்ஒய்கே’ (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் முறை) என மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அப்புறம், அச்சகத்தில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு மொத்தமாக அடிக்கச் சொல்லுங்கள்.