பாசறை வரைபடங்களைப் படிப்போர் தடுமாறும் இடங்கள்

அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர்களுக்கு உதவ வந்த பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவின் படை 1780 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் இறங்கியது. மறு ஆண்டு ஜூனில் பிராவிடன்ஸிலிருந்து நடக்கத் தொடங்கி, யார்க்டவுன் முற்றுகையில் பங்கேற்று, 1782-இல் வடக்கே திரும்பி, ஆண்டிறுதியில் பாஸ்டனில் கப்பலேறியது. வழியில் அது தங்கிய இடங்களைப் படை அலுவலர்கள் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய தாள்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கின்றன. வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் நெப்போலியனின் ஆணைகளைப் படைகளுக்கு வகுத்தனுப்பும் தலைமை அலுவலராக உயர்ந்த லூயி அலெக்சாந்தர் பெர்த்தியே. இத்தாள்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் ஆர்வலர்கள் அவற்றை ஊர்ப்படமாக எண்ணிவிடுகிறார்கள். அவை படையை எங்கே நிறுத்துவது, தண்ணீர் எங்கே, நாளை எந்தச் சாலையில் கிளம்புவது என்ற கேள்விகளுக்கு விடையாக வரையப்பட்டவை. அந்தக் கேள்விகளை மறந்து படிக்கும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

முதற் பிழை, ஒரு தாளில் காணும் பாசறையை முழுப்படையும் ஒரே இரவில் தங்கிய இடமாகக் கொள்வது. 1781 ஜூன் 18 அன்று பிராவிடன்ஸிலிருந்து பூர்போனே என்ற ரெஜிமென்ட் (காலாட்படைப் பிரிவு) கிளம்பியது. ருவாயல் தே-போன், சுவாசோனே, சேன்தோன்ஜ் ஆகிய மற்ற மூன்றும் 19, 20, 21 ஆகிய நாள்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. ஒருநாள் இடைவெளியில் நடந்ததால், முன்னது காலி செய்த மைதானத்தில் அடுத்தது வந்து கூடாரம் அடித்தது. ஆகவே அந்தப் பாதையில் ஓர் இடத்துக்கு ஒரு பாசறைக் குறி இருந்தாலும் அங்கே நான்கு இரவுகள் நான்கு ரெஜிமென்ட்கள் தங்கியிருக்கும். குறி நான்கு இருந்தால் நான்கும் ஒருங்கே இருந்தன என்றும் சொல்லிவிட முடியாது.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது தெற்கே உள்ள பகுதி. 1781 செப்டம்பரில் காலாட்படையின் பெரும்பகுதி செசபீக் விரிகுடாவைக் கப்பலில் கடந்தது. காலி வண்டிகளும் குதிரைகளும்தான் அன்னாபொலிஸுக்குத் தெற்கே வர்ஜீனியா வழியாகத் தரைவழி சென்றன. அந்தப் பயணத்துக்குரிய தாள்களில் தெரியும் பாசறைகள் வண்டிக்காரர்களுடையவை. இதை அறியாமல், 1781-இல் தெற்கு நோக்கி அணிவகுத்த பிரெஞ்சுக் காலாட்படை இந்த வயலில் உறங்கியது என்று எழுதுவோர் உண்டு. அதே சாலையில் காலாட்படை உண்மையிலேயே நடந்தது 1782-இல், எதிர்த்திசையில். காங்கிரஸ் நூலகத்தில் உள்ள பாசறைத் தொகுப்பின் தலைப்பிலேயே 1782 என்று எழுதியிருக்கிறது. தலைப்பைப் படிக்கச் சோம்பல்பட்டு, அதை முந்தைய ஆண்டின் சான்றாகக் காட்டும் தவறை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

பாசறையைக் காட்ட வரைந்த செவ்வகங்களைக் கூடாரங்களாக எண்ணிப் படைவீரர் தொகையைக் கணக்கிட முயல்வதும் வீண் வேலை. அக்காலப் பாசறையின் முகப்பு, போருக்கு அணிவகுத்து நிற்கும் படையின் முகப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. எதிரி வந்தால் கூடாரத்திலிருந்து எழுந்தவன் நேரே வரிசையில் போய் நிற்க வேண்டுமல்லவா? ஆகவே அந்தச் செவ்வக வரிசையின் நீளம் அணியின் நீளத்தைத்தான் சொல்கிறது. நோயில் கிடந்தவர்களையும் வழியில் விட்டுவந்தவர்களையும் அது சொல்லாது. குறிப்புகளில் வரும் ‘வலம்’, ‘இடம்’ ஆகிய சொற்களும் முன்னோக்கி நிற்கும் படைக்குரிய வலமும் இடமுமே. தாளைப் பார்க்கும் நமக்குரியவை அல்ல.

வடக்கு எப்போதும் மேலே இருக்கும் என்று கொள்ளக் கூடாது. திசைக்குறியைத் தேடிப் பார்த்த பிறகே எதையும் சொல்ல வேண்டும். அந்தக் குறியும் காந்த ஊசி காட்டிய வடக்காக இருக்கலாம். ஊசி காட்டும் திசை இரண்டு நூற்றாண்டுகளில் நகர்ந்திருக்கிறது.

அளவுகோலில் வரும் பிழை எண்களில் வெளிப்படும். பிரெஞ்சுக்காரர்களின் நில அளவு துவாஸ். ஒரு துவாஸ் ஏறத்தாழ 1.949 மீட்டர். 500 துவாஸ் என்பதை 500 கஜம் என்று படிப்பவர் 975 மீட்டரை 457 மீட்டராகச் சுருக்கிவிடுகிறார். பிரெஞ்சு அடியும் ஆங்கில அடியும்கூடச் சமமல்ல, முன்னது 32.48 சென்டிமீட்டர், பின்னது 30.48. நம்மூர்க் காதமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. திரையில் தெரியும் படம் எந்த அளவிலும் விரியும் என்பதால், விகித எண்ணை நம்பாமல், படத்திலேயே வரைந்துள்ள அளவுக்கோட்டை அளந்து கணக்கிடுவதே முறை.

படத்தில் வெற்றிடமாக விட்ட பகுதி வெறும் நிலம் அல்ல, அளக்கப்படாத நிலம். சாலைக்கும் பாசறைக்கும் அருகே குன்றும் ஓடையும் கவனமாக இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் வேகமாக இட்ட தூரிகை வரிகளே மிஞ்சும். காடு என்று காட்டும் மரங்களை எண்ணிப் பயனில்லை. பெயர்களோ காதால் கேட்டு எழுதியவை. பல பாசறைகள் பேட்டன் டேவர்ன், பேர்ட் டேவர்ன் என்று அருகிலிருந்த விடுதியின் பெயராலேயே அழைக்கப்பட்டன. விடுதி இடிந்து பெயரும் மறைந்த பிறகு, ஒலி ஒத்துப்போகும் வேறோர் ஊரைப் பிடித்துக்கொள்வது எளிது. அப்படிப் பிடிப்பதற்கு முன் பெர்த்தியே எழுதிவைத்த பயணக் குறிப்புகளில் அன்றைய தொலைவையும் வழியில் வரும் பாலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படை நாளொன்றுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 மைல் நடந்தது. கண்டுபிடித்த ஊர் முந்தைய பாசறையிலிருந்து 30 மைல் தள்ளியிருந்தால் ஏதோ தவறியிருக்கிறது.

இன்றைய நிலப்படத்தின்மேல் பழைய தாளைப் பொருத்தும் மென்பொருள்கள் எதையும் வளைத்துப் பொருத்திவிடும் என்பதே அவற்றின் ஆபத்து. கடலோரமும் ஆற்று வளைவும் இடம் மாறக்கூடியவை. பாறை முனை, பழைய தேவாலயம், சாலைச் சந்திப்பு ஆகியவற்றை முதலில் நம்பலாம். சந்திப்பும் பிற்காலத்தில் நகர்த்தப்பட்டிருக்கலாம் என்பதால் ஓரிரண்டு புள்ளிகளைப் பொருத்தாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அவை எவ்வளவு விலகி விழுகின்றன என்று பார்ப்பது நல்லது.

வண்ணத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. செம்பிலிருந்து செய்த பச்சை நாளடைவில் பழுப்பாகும், தாளையும் அரிக்கும். எனவே பழுப்பாகத் தெரியும் திட்டு உழுத நிலம் என்று எழுதுவதற்கு முன், அந்தத் தாளின் பின்பக்கத்திலும் அதே இடத்தில் பழுப்பு ஊறியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்; ஊறியிருந்தால் அது ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.