நீலகிரியில் பீட் மண் எங்கே இருக்கலாம்? நீங்களே வரைபடம் போடலாம்

அவலாஞ்சிப் பக்கம் புல்மேட்டிலிருந்து இறங்கி, இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள தாழ்வில் கால் வைத்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கும். அங்கே கருப்பாக, நாரும் வேருமாக, காய்ந்தால் எடையே இல்லாமல் இருப்பதுதான் பீட். பாடப்புத்தகத்தில் 'முற்றா நிலக்கரி' என்று படித்திருப்போம். செடிகொடிகள் தண்ணீரில் ஊறி, காற்றுப் படாமல், முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த மண். சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் சுமார் 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றை 1993இல் எழுதியது இந்தப் பீட்டைப் படித்துத்தான். வடிகால் வெட்டிக் கேரட் போட்டால் அது காற்றுப் பட்டு மட்கி, கரியமில வாயுவாகப் போய்விடும். அதனால்தான் எங்கே இருக்கிறது என்று இப்போதே குறித்து வைக்க வேண்டும்.

படி 1: தேவையானவை

இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் (QGIS), ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் 30 மீட்டர் உயரத் தரவு, அதே திட்டத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம். படத்தைப் பிப்ரவரி, மார்ச்சில் எடுத்ததாகப் பார்த்து இறக்குங்கள். பனியில் கருகி மேட்டுப்புல் பழுப்பாகக் கிடக்கும்போது, ஈரத் தாழ்வுகள் தனியாகத் தெரியும்.

படி 2: நில அமைப்பு

உயரத் தரவு டிகிரியில் இருக்கும்; அதை முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் (UTM) 43 வடக்கு என்ற ஆயமுறைக்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் சரிவு எல்லா இடத்திலும் 90 டிகிரியை ஒட்டிக் காட்டும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அப்புறம் சரிவையும், சாகா (SAGA) என்ற இலவசக் கருவியில் ஈரக் குறியீட்டையும் கணக்கிடுங்கள். மேலிருந்து நிறைய நீர் வந்து சேர்ந்து, சரிவு குறைவாகவும் இருக்கும் இடத்தில் ஈரக் குறியீடு கூடும். ஒரு எச்சரிக்கை: இந்த உயரத் தரவில் மரத்தின் உயரமும் சேர்ந்திருக்கும். தைல மரமும் சீகை மரமும் அடர்ந்த பள்ளங்கள் மேடாகத் தெரியலாம்.

படி 3: ஈரம்

சென்டினல் படம் ஒளியைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துப் பதிந்திருக்கும். அதில் 8, 11 பட்டைகளை எடுத்து, 8இலிருந்து 11ஐக் கழித்து வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். மதிப்பு கூடினால் செடியில் ஈரம் அதிகம்.

படி 4: மதிப்பெண்

க்யூஜிஐஎஸ்ஸில் படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரில், சரிவு 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் 1, ஈரக் குறியீடு மேல் ஐந்தில் ஒரு பங்கில் வந்தால் 1, செயற்கைக்கோள் ஈரத்துக்கும் அதேபோல் 1. ஆக 0 முதல் 3 வரை. இந்த எல்லைகள் வெறும் தொடக்கம்தான், உங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். செயற்கைக்கோள் 'இல்லை' என்றதும் ஒரு இடத்தை அடித்துவிடாதீர்கள். வடித்துப் பயிர் வைத்த பீட் மேலே சாதாரணத் தோட்டம் போலத்தான் இருக்கும்; கீழே கறுப்பு மண் இருப்பதற்குப் பள்ளத்தின் வடிவம் மட்டுமே சாட்சி. என்னைக் கேட்டால், மதிப்பெண் 2 வாங்கிய தோட்டங்களுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

படி 5: நேரில் போய்த் தோண்டுங்கள்

வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி, தோட்டம் என்றால் சொந்தக்காரரின் சம்மதம் கட்டாயம். தோடர்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது, அதனால் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். எல்லா மதிப்பெண்களிலும், 0 உட்பட, குழி எடுக்க வேண்டும். ஒரு பிடி ஈரமண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிழியுங்கள். தெளிந்த நீர் வடிந்து நார் கையில் தங்கினால் அவ்வளவாக மட்காத பீட். விரலிடுக்கில் சேறாகப் பிதுங்கினால் நன்றாக மட்கியது, அல்லது வெறும் களிமண். சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டு, பிறகு 550 டிகிரியில் எரித்து, அந்த எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். எரிந்து குறைந்த எடை அத்தனையும் கரிமப் பொருள் என்று தோராயமாகச் சொல்லலாம். கடைசியில் எடுத்த மண்ணை முதலில் போட்டு, அடுக்கு மாறாமல் குழியை மூடிவிடுங்கள்.

படி 6: சதவீதம்

சரி, மதிப்பெண் 3 வந்த இடத்தில் 10 குழி எடுத்து 7இல் பீட் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் அந்த நிறத்துக்கு 'பீட்' என்று எழுதாமல் '70%' என்று எழுதுங்கள். குழியே எடுக்காத மதிப்பெண்ணுக்குச் சதவீதம் போடாமல், சாம்பல் நிறத்தில் விட்டு வையுங்கள். அடுத்த பிப்ரவரியில் முதலில் போக வேண்டியது அங்கேதான்.