ஹெடர் மாட்டும் முன் கிரீஸ் அச்சு எடுத்துப் பாருங்கள்

ஆஃப்டர் மார்க்கெட் (வண்டிக் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளரின்) சிலிண்டர் ஹெட்டில் ஹெடர், அதாவது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, மாட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் ஹெட்டின் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளை (புகை வெளியேறும் துளைகளை)ச் சுற்றி கிரீஸை மெல்லிசாகத் தடவி, கேஸ்கெட் (இடையில் வைக்கும் சீல்) இல்லாமல் ஹெடரை இரண்டு போல்ட்டில் கையாலேயே முறுக்கிப் பிடித்து, உடனே கழற்றி ஃபிளாஞ்சில் (ஹெட்டோடு ஒட்டி நிற்கும் ஹெடரின் தட்டையான தகட்டில்) என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள்.

போல்ட் துளை பொருந்திவிட்டால் போர்ட்டும் பொருந்தும் என்று நம்ப முடியாது. இப்படிப்பட்ட ஹெட்டுகள் பலவற்றில் புகை நன்றாக வெளியேற போர்ட்டை ஒரிஜினலைவிட மேலே தூக்கி வைத்திருப்பார்கள், சிலவற்றில் வடிவமே மாறியிருக்கும், இதெல்லாம் எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. அச்சில் பார்க்க வேண்டியது இதுதான்: குழாயின் வாய் போர்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகச் சுற்றி நின்றால் சரி, குழாயின் விளிம்பு போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் புகை அதில் மோதும். கிரீஸ் வளையம் ஓரிடத்தில் நூல்போல மெலிந்திருந்தால் கேஸ்கெட்டுக்கு அங்கே பிடிமானம் போதாது, நாளடைவில் அந்த இடத்தில்தான் லீக் வரும். அச்சே விழாத இடம் இருந்தால் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கலாம், நேர்சட்டம் வைத்துப் பாருங்கள்.

மாட்டும் முன் கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே புகை கிளம்பும்.

ஆனால் போர்ட் உயர்ந்தால் ஹெடர் முழுவதும் அதோடு சேர்ந்து இடம் மாறும். அது ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் இடிக்கிறதா, ஸ்பார்க் பிளக் கழற்ற இடம் இருக்கிறதா என்பதை இந்த அச்சு காட்டாது, இன்ஜினை வண்டிக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.