நகரும் ஜன்னலைப் பலப்படுத்திய அனுபவம்
பயணம் முடிந்து திரும்பிய அன்று, பின்னறையின் அலுமினிய ஜன்னலில் கொக்கி போட்டபடியே இருக்க, நகரும் கதவு மட்டும் தடத்திலிருந்து ஒரு பக்கம் விலகி நின்றதையும், அதன் அடிச்சட்டத்தில் கடப்பாரை முனை பதிந்த பள்ளத்தையும் கண்டு நெஞ்சு பதறிவிட்டது. மேல் தடத்தில் இருக்கும் இடைவெளியால்தான் கதவைத் தூக்கிக் கழற்ற முடிகிறது. எனவே அங்கே, கதவு நகரலாம், ஆனால் எழும்ப முடியாது என்னும் அளவுக்குத் தலை நீட்டியிருக்கும்படி இரண்டு திருகாணிகளைப் பொருத்தினேன். உள்தடத்தில், மூடிய கதவுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவே அளந்து வெட்டிய மரச்சட்டத்தைக் கிடத்தினேன். கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு அதை எடுத்துவிடலாம் என்பதால், உடைந்த சில்லுகளைப் பிடித்து வைக்கும் பாதுகாப்புப் படலத்தையும் ஒட்டினேன். கிரில் பொருத்துவோர், தீப்பிடித்தால் வெளியேற வசதியாக, உள்ளிருந்து திறக்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.