சத்தம் வருது, படம் வரல: கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் முன் பாருங்கள்

"அண்ணா, கேமைத் திறந்தா சத்தம் மட்டும் வருது, படம் வரல." வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு, பரீட்சை முடிந்த கையோடு வரும் பிள்ளைகள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "படம் எப்போ போச்சு? கம்ப்யூட்டரைப் போட்டதுமேவா, கேமை கிளிக் பண்ணதுமா, பத்து நிமிஷம் ஆடின பிறகா?" இதற்குச் சரியான பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படம் போகிற நேரத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

போன வருடம் பேரணாம்பட்டில் இருந்து ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். குடியாத்தத்தில் பஸ் மாறி, சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். புது கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் உருவாக்கும் தனிப் பலகை, போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, ஆனால் எந்தப் பெரிய கேமும் திறக்கவில்லை. கார்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்று யாரோ சொல்லிவிட, அப்பா சட்டைப் பையில் பணத்தோடு நிற்கிறார். நான் சிபியுவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கார்டின் எச்டிஎம்ஐ துளையில், கம்பெனியில் இருந்து வரும்போது செருகியிருக்கும் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. ஒரு மாதமாக மானிட்டர் கேபிள் மதர்போர்டில்தான், அதாவது கம்ப்யூட்டரின் மெயின் பலகையில்தான், செருகியிருந்திருக்கிறது. கேம் எல்லாம் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில் ஓடப் பார்த்துத் திணறியிருக்கிறது. மூடியைப் பிடுங்கி கேபிளை மாற்றினேன், கேம் திறந்தது. அந்த அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதனால் முதலில் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் மேலே இருப்பது மதர்போர்டின் துளை. அதற்குக் கீழே, தனியாகப் படுக்கை வாக்கில் வரிசையாக இருப்பதுதான் கார்டின் துளைகள். கேபிள் கீழே இருக்க வேண்டும். மாடல் எண் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசராக இருந்தால், அதற்குள் கிராஃபிக்ஸே கிடையாது. மேலே செருகினால் மானிட்டரில் ஒன்றுமே வராது.

சரி, கேபிள் ஒழுங்காக இருக்கிறது, டெஸ்க்டாப் நன்றாக வருகிறது, கேமை கிளிக் பண்ணியதும் கருப்பாகிறது என்றால்? மானிட்டரில் ஒரு சின்னப் பெட்டி மிதந்துகொண்டு 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் சந்தோஷப்படலாம், எதுவும் கெட்டுப்போகவில்லை. மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனையோ (படத்தின் புள்ளி எண்ணிக்கை) ஹெர்ட்ஸையோ (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பது) கேம் அனுப்புகிறது, அவ்வளவுதான். 1366க்கு 768 என்று இருக்கும் பழைய மானிட்டரிலும், பெரிய டிவியில் மாட்டி ஆடிவிட்டு மறுபடி மானிட்டருக்கு வரும்போதும் இது நடக்கும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுங்கள். பல கேம்கள் சின்ன விண்டோவுக்கு வந்துவிடும். உள்ளே போய் ரெசல்யூஷனைக் குறைத்து சேவ் பண்ணுங்கள். அதற்கும் வரவில்லை என்றால், கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் ஆப்பில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸில் லான்ச் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் ஒரு மைனஸ் குறி போட்டு, இடைவெளி விடாமல் விண்டோட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நிறைய கேம்கள் இதைக் கேட்கும்.

கடைசி வழி, கேமின் செட்டிங்ஸ் ஃபைலை ஒதுக்கி வைப்பது. அது டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்ற ஃபோல்டரிலோ, ஆப் டேட்டாவுக்குள் லோக்கல் ஃபோல்டரிலோ இருக்கும். அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன்னால் முழு ஃபோல்டரையும் காப்பி எடுத்து வையுங்கள். சில கேம்களில் சேவ் ஃபைலும் அதே ஃபோல்டரில்தான் இருக்கும். ஒரு பெண்ணின் ஒரு வருட ஆட்டம் என் கையால் போயிருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

காட்பாடி பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப்பில் கதை வேறு. அதில் பிராசசருக்குள் சின்னது ஒன்று, தனியாகப் பெரியது ஒன்று என்று இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க, விண்டோஸ் சில சமயம் கேமைச் சின்னதன் தலையில் கட்டிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், அந்த கேமைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு ஆடுங்கள்.

கருப்பு இல்லை, ஆங்கிலத்தில் ஏதோ செய்தி வந்து மூடிக்கொள்கிறது என்றால் அதைப் படியுங்கள். படிக்காமல் ஓகே தட்டுகிறவர்கள்தான் அதிகம். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் (புரோகிராம்களுக்கான துணை ஃபைல்) காணோம் என்றால், பழைய கேமுக்கு வேண்டிய டைரக்ட்எக்ஸ் (படம் காட்ட கேம்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) துணை ஃபைல்கள் இல்லை என்று அர்த்தம். புது விண்டோஸில் அவை கூடவே வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைமைப் போட்டால் போதும். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள், அதோடு வைரஸும் வரும். ஃபீச்சர் லெவல், அதாவது கேம் கேட்கும் கிராஃபிக்ஸ் வசதி, போதவில்லை என்று வந்தால், முதலில் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரைப் பாருங்கள். டிரைவரும் சரி என்றால் கார்டு பழசு, அந்த கேம் அதில் ஓடாது. இதைச் சொல்லும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

டிரைவர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, டிஎக்ஸ்டயாக் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டிஸ்பிளே பகுதியில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால், உங்கள் கார்டின் டிரைவர் போடப்படவே இல்லை. என்விடியா, ஏஎம்டி, இன்டெல், எதுவோ அந்தக் கம்பெனி தளத்தில் இருந்தே இறக்குங்கள். என்விடியாவின் ஜிடி 710 என்ற பழைய கார்டு வைத்திருக்கும் பிள்ளைகள் பலர். அதற்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி, அதற்கு மேல் தேடி அலைய வேண்டாம். பழைய டிரைவர் அரைகுறையாகக் கிடந்து தொல்லை கொடுத்தால், நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் நிலை) டிடியு என்ற டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் இடையில் புகுந்து தன் டிரைவர் ஒன்றைப் போட்டுவிடும்.

இனி எங்கள் ஊர் வியாதிக்கு வருகிறேன். பத்து நிமிடம் ஆடிய பிறகு படம் திக்குகிறது, நின்று போகிறது. காலை 6 மணிக்கு நன்றாக ஓடி, மதியம் 2 மணிக்கு நிற்கிறதென்றால் டிரைவரைத் தொடாதீர்கள், அது சூடு. கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அந்தக் காற்றை உள்ளே இழுத்துத்தான் ஃபேன் கார்டைக் குளிர வைக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் போனால் ஜிபியு, அதாவது கார்டின் சில்லு, எவ்வளவு சூடு என்று தெரியும். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரி வாக்கில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

லேப்டாப்பின் அடி மூடியைத் திறந்தால் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் தூசி, கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாக நிற்கும். விரலால் இழுத்தால் முழுசாக வந்துவிடும். அதுதான் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை நல்ல பெயிண்ட் பிரஷால் தட்டி எடுங்கள். பிளோயர் அடிப்பதானால் ஃபேன் இறக்கையை ஒரு காது பட்ஸால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளோயர் காற்றில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடுவதையும் விடுங்கள்.

படம் ஒரு நொடி கருப்பாகித் திரும்பி வருகிறதென்றால், கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரைத் திருப்பி எழுப்பியிருக்கிறது. சூட்டையும் டிரைவரையும் பாருங்கள். கம்ப்யூட்டரே அணைந்து மறுபடி வருகிறதென்றால் பெரும்பாலும் கரண்ட் போதவில்லை. கார்டைச் செருகியிருக்கும் மதர்போர்டு துளை அதற்கு 75 வாட் வரைதான் தரும். மிச்சம் பவர் சப்ளையின் 6 பின் வயரில் 75, 8 பின் வயரில் 150 என்று வர வேண்டும். அந்த வயர் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். 600 விஏ என்று எழுதிய சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டர், கார்டு எல்லாம் அதிலேயே இருந்தால், கரண்ட் போகிற நொடியில் கத்திவிட்டு அணைந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் போட்டதுமே, கம்பெனி லோகோ வரும்போதே கலர் கலராகப் புள்ளியோ கட்டமோ தெரிகிறதா? அதுவும் கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்த்த பிறகும் தெரிகிறதா? அப்போதுதான் கார்டின் மேல் சந்தேகப்பட வேண்டும், பெரும்பாலும் மெமரி போயிருக்கும். ஹீட் கன்னால் சூடு காட்டிச் சரிசெய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் ஓடிவிட்டுத் திரும்பப் போகும்.

கடைக்குக் கொண்டுவருவதாக இருந்தால், படம் போகும் நேரத்தில் ஸ்கிரீனை ஃபோனில் வீடியோ எடுத்து வாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரும் வேண்டும். சிபியுவை பஸ்ஸில் தூக்கி வருவதானால் கனமான கார்டைக் கழற்றி, பழைய பெட்டியில் துணி வைத்துத் தனியாக எடுத்து வாருங்கள். கழற்றாவிட்டால், வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது ஆடி ஆடி, வந்து சேரும்போது கார்டு செருகும் துளையே விரிந்திருக்கும்.