மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து 8.0: மேம்படுத்திய பின் சர்வர் எழவில்லையா?

மதுரை கே.கே. நகரில் ஒரு டியூஷன் மையத்தின் மாணவர் பதிவேட்டை நான் பராமரித்து வருகிறேன். அங்கிருந்த உபுண்டு இயங்குதளத்தின் 18.04 பதிப்பை 20.04க்கு உயர்த்தியபோது, அதிலிருந்த தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லும் கூடவே 5.7இலிருந்து 8.0க்கு மாறியது. மாறியதும் சர்வர் எழவில்லை. அன்று கற்றதைப் புதியவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நகல் எடுத்தல்

8.0க்குப் போன தரவை மீண்டும் 5.7க்கு இறக்க வழியில்லை என்பதால், தொடங்கும் முன்பே மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியால் முழு நகல் எடுத்துவிடுங்கள். ரொட்டீன்ஸ் (தரவுத்தளத்துக்குள் சேமித்த நிரல்கள்), ஈவென்ட்ஸ் (நேரம் குறித்து ஓடும் பணிகள்) ஆகிய விருப்பங்களைக் கேட்டுச் சேர்த்தால்தான் அவை நகலில் வரும். அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்த பிறகே அதை நம்புங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

படி 2: பிழைப் பதிவைப் படித்தல்

சர்வர் எழாவிட்டால் உடனே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது பலருக்கும் பழக்கம். அது ஆபத்தானது, பர்ஜ் (அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து முழுதாக நீக்குதல்) செய்யும்போது தரவு அடைவையும் அழிக்கலாமா என்று வரும் கேள்விக்கு அவசரத்தில் 'ஆம்' சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். அதற்குப் பதிலாக எரர் லாக் கோப்பைத் திறந்து, கடைசியாகத் தொடங்க முயன்ற நேரத்துக்குரிய முதல் பிழை வரியைப் படியுங்கள். எனக்கு அங்கே 'அன்னோன் வேரியபிள்' என்ற சொற்களும், அவற்றையடுத்து கொயரி கேச் சைஸ் என்ற அமைப்பின் பெயரும் இருந்தன. கேள்விகளுக்கான விடைகளை நினைவகத்தில் வைத்திருந்து மீண்டும் தரும் கொயரி கேச் வசதியே 8.0இல் நீக்கப்பட்டுவிட்டதால், பழைய அமைப்புக் கோப்பில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் சர்வர் நின்றுவிடும். சர்வர் கட்டளைகளை எவ்வளவு கண்டிப்பாக ஏற்க வேண்டும் என்று சொல்லும் எஸ்கியூஎல் மோட் வரியில் 'நோ ஆட்டோ கிரியேட் யூசர்' இருந்தாலும் இதே கதைதான். அந்த வரியை அழிக்காமல், முன்னால் ஹேஷ் குறியிட்டு முடக்கிவிட்டு சர்வரைத் தொடங்குங்கள். 8.0.16 முதல், மைஎஸ்கியூஎல் தனக்காக வைத்திருக்கும் உள் அட்டவணைகளை சர்வரே புதுப்பித்துக்கொள்ளும்.

படி 3: நிரலில் வரும் பிழைகள்

எங்கள் மதிப்பெண் அட்டவணையில் ரேங்க் என்றும், பிளஸ் டூ பாடப்பிரிவுக்காக குரூப்ஸ் என்றும் இரண்டு நெடுவரிசைகள் இருந்தன. இரண்டுமே 8.0இல் ஒதுக்கப்பட்ட சொற்கள், அதாவது மைஎஸ்கியூஎல் தன் கட்டளைகளுக்கென வைத்துக்கொண்டவை. பேக்டிக் (`) குறிகளுக்குள் எழுதினால் பிழை நீங்கும், பெயரையே மாற்றினால் இன்னும் நல்லது. பழைய பயனர் கணக்குகள் அப்படியே நுழையும். புதிதாக உருவாக்கும் கணக்கு மட்டும் கேச்சிங் ஷா2 என்ற புதிய கடவுச்சொல் சரிபார்ப்பு முறையில் அமைவதால், இணைய நிரல் மொழியான பிஎச்பியின் பழைய பதிப்பு அதை ஏற்காமல் போகலாம்.

படி 4: தமிழ் எழுத்துகள்

என்னை அதிக நேரம் தவிக்க வைத்தது இதுதான். மீனாட்சி என்ற பெயர் இருந்த இடத்தில், தலையில் கோடிட்ட ஒரு ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் இரண்டும் தொடர்ந்து வந்தன. எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'ம' மூன்று பைட்டுகள். அந்த மூன்றையும், ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கொள்ளும் லத்தீன்1 முறை தனித்தனி எழுத்தாகப் படித்ததன் விளைவு அது. 5.7இன் இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீன்1 என்பதால் எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடந்து, திரையில் தமிழ் சரியாகவே தெரிந்திருக்கிறது. 8.0இல் இயல்பு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8இன் முழு வடிவம்) ஆனதும் இணைப்பும் அதற்கு மாறி, மறைந்திருந்த தவறு வெளியே வந்தது.

இந்நிலையில் அட்டவணையை 'கன்வெர்ட் டு' கட்டளையால் நேரடியாக மாற்றாதீர்கள். கெட்ட வடிவமே நிலைத்துவிடும். அட்டவணையின் பிரதியொன்றில், நெடுவரிசையை முதலில் வார்பைனரியாகவும் (வெறும் பைட்டுகள்) பிறகு யூடிஎஃப்8எம்பி4 வார்கேராகவும் (எழுத்துகள்) மாற்றிப் பாருங்கள். எழுத்துக் குறிகளை எண்ணிச் சொல்லும் கேர் லென்த் சார்பு மீனாட்சிக்கு முன்பு 24 என்று காட்டியிருக்கும்; இப்போது 8 என்று காட்டினால் அசல் அட்டவணையிலும் அதையே செய்யலாம்.